பதமறிந்து பற்றவைத்தல்

கோவில்பட்டியைச் சுற்றிப் பரந்து கிடப்பது கரிசல் பூமி. கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் என்றும், வடக்கே சாத்தூர் என்றும் அதன் ஊர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். வற்றாத ஆறு எதுவும் அந்நிலத்தை நனைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையே அதற்கு உயிர். பருத்தியும் கம்பும் சோளமும், உளுந்தும் பாசிப்பயறும் மிளகாயும் அம்மழையை நம்பியே விளைகின்றன. கரிசல் மண்ணின் இயல்பு விந்தையானது. கோடையில் அது இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தாலோ உப்பிக் குழைந்து, நடப்பவர் காலையும் கலப்பையின் கொழுவையும் பற்றிக்கொள்ளும். காய்ந்த மண்ணில் கொழு இறங்காது. குழைந்த மண்ணில் கொழு நகராது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட சில நாள்களே உழவுக்கு உரியவை. அந்நிலையைக் கரிசல் உழவர் ‘பதம்’ என்பர். பதம் வரும்முன் உழுதாலும் கேடு. பதம் தப்பியபின் உழுதாலும் கேடு. மழையை மட்டும் நம்பும் இவ்வேளாண்மையை ஆராயும் நிலையம் ஒன்று கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதலே இயங்கி வருகின்றது.

பதம் என்னும் சொல் உழவுக்கு மட்டும் உரியதன்று. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனைச் செய்வோர் வெல்லப்பாகின் பதத்தையே முதன்மையாகக் கருதுவர். பாகு இளகியிருந்தால் மிட்டாய் கையில் ஒட்டும், முறுகிவிட்டால் கசக்கும். அடுப்பின் தணலைக் கூட்டியும் குறைத்தும், பாகைத் துளியெடுத்துப் பார்த்தும் அவர்கள் பதத்தைக் காண்கின்றனர்.

இவ்வாறு பதம் பார்த்துச் செய்யவேண்டிய மற்றொரு தொழிலும் இந்நிலத்து ஊர்களில் நாள்தோறும் நடைபெறுகின்றது. சாலையோரப் பட்டறைகளில் நீலவொளி பளிச்சிட, தீப்பொறி தெறிக்க, இரும்போடு இரும்பை இணைக்கும் தொழிலே அது. மக்கள் அதனை ‘வெல்டிங்’ என்றும், ‘பற்றவைத்தல்’ என்றும் வழங்குகின்றனர். முறிந்த கலப்பை, இற்றுப்போன வண்டிச் சட்டம், வீட்டின் இரும்புக் கதவு, கிணற்றின் குழாய், நெசவாலைப் பொறியின் தாங்கி ஆகிய அனைத்தும் அத்தொழிலாளரின் கைக்கு வந்து சேர்கின்றன. அவருடைய தொழிலிலும் வெற்றி தோல்விகளை உறுதி செய்வது பதமே.

மின்வில்லின் வரலாறு

இரும்பை இரும்போடு இணைக்கும் கலை புதியதன்று. ஊர்க் கொல்லர், இரும்புத் துண்டுகள் இரண்டை உலையில் இட்டு, அவை வெண்மை நிறம் கொள்ளும்வரை காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவது பண்டைநாள் தொட்டு வரும் வழக்கம். பெரிய தகடுகளையும் தூண்களையும் இவ்வாறு உலையில் இட இயலாது. ஆதலால், பாலங்களையும் கப்பல்களையும் கட்டியோர் துளையிட்டுத் தறையாணி அடித்தே தகடுகளைப் பிணைத்து வந்தனர். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் அத்தகையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மின்கலங்களோடு இணைத்த இரண்டு கரிக்கோல்களின் முனைகளைத் தொடச் செய்து சற்றே விலக்கினால், அவற்றினிடையே கண்ணைப் பறிக்கும் ஒளி வளைந்து எரிவதை அறிஞர் கண்டனர். அதற்கு ‘மின்வில்’ என்று பெயர் வழங்கலாயிற்று. 1881ஆம் ஆண்டில் நிக்கொலாய் பெனார்டோஸ் என்பவர் அந்த மின்வில்லின் வெப்பத்தைக்கொண்டு உலோகத்தை உருக்கி இணைக்கும் முறையை வகுத்தார். அவர் பயன்படுத்தியது கரிக்கோல். 1888ஆம் ஆண்டில் நிக்கொலாய் ஸ்லாவ்யானவ் என்னும் உருசியப் பொறியியலார் கரிக்கோலுக்கு மாறாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். அக்கோல் மின்வில்லைத் தாங்கியதோடு, தானும் உருகி இணைப்பின் இடைவெளியை நிரப்பிற்று.

எனினும், ஒரு குறை எஞ்சி நின்றது. உருகிய இரும்பு காற்றிலுள்ள உயிர்வளியையும் நைட்ரசனையும் ஈர்த்துக்கொண்டு நொறுங்கும் தன்மை அடைந்தது. சுவீடன் நாட்டு ஆஸ்கர் செல்பெரி இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இதற்கு வழி கண்டார். அவர் கோலின்மேல் தாதுப்பொருள்களைப் பூசினார். மின்வில்லின் வெப்பத்தில் அப்பூச்சு எரிந்து வளியாகி, உருகிய இரும்பைச் சூழ்ந்து காற்றை விலக்கிற்று. எஞ்சியது கசடாகி, ஆறும் இரும்பின்மேல் போர்வைபோல் படிந்து காத்தது. இன்று பட்டறைகளில் ‘ராடு’ என்று வழங்கும் மின்கோல் இவ்வாறு பிறந்ததே ஆகும். தறையாணியே இன்றி முழுதும் பற்றவைத்துக் கட்டப்பெற்ற ‘ஃபுல்லகர்’ என்னும் கப்பல் 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கடலில் இறங்கியது.

குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும்

மின்வில் எரியும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 6000 டிகிரி செல்சியசு அளவுக்கு உயர்கின்றது. எஃகு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 டிகிரி போதுமானது. ஆகவே, மின்வில் தொட்ட இடம் நொடிப்பொழுதில் உருகிக் குழம்பாகின்றது. கோலின் நுனியும் உருகித் துளித்துளியாக அக்குழம்பிற் கலக்கின்றது. தொழிலாளர் கோலை நகர்த்த நகர்த்த, முன்னே குழம்பு தோன்றுவதும் பின்னே அது இறுகுவதுமாக இணைப்பு நீண்டுகொண்டே செல்கின்றது.

இத்துணை வெப்பத்தைத் தரும் மின்சாரத்தை, வீட்டுக்கு வரும் கம்பியிலிருந்து அப்படியே எடுத்தல் இயலாது. வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. அது உயிருக்கு ஊறு செய்யும் அழுத்தம். பற்றவைப்புக்கு வேண்டுவதோ அழுத்தம் குறைந்ததும் ஓட்டம் மிகுந்ததுமான மின்சாரம். இம்மாற்றத்தைச் செய்வதே பற்றவைப்புப் பொறியின் பணி. அதனுள் இருக்கும் மின்மாற்றி, அழுத்தத்தை 50 முதல் 80 வோல்ட்டு வரை தாழ்த்தி, மின்னோட்டத்தை நூறு, இருநூறு ஆம்பியர் அளவுக்கு உயர்த்துகின்றது. மின்வில் எரியத் தொடங்கியதும் அழுத்தம் மேலும் குறைந்து 20 முதல் 30 வோல்ட்டுக்குள் நிற்கும்.

பழைய பொறிகளில் மேலே ஒரு கைச்சக்கரம் இருக்கும். அதனைச் சுழற்றினால், உள்ளிருக்கும் இரும்பு உள்ளகம் நகர்ந்து மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். அண்மைக் காலத்தில் பரவியுள்ள ‘இன்வெர்ட்டர்’ பொறியோ கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறியது. நொடிக்கு 100 முறை திசைமாறும் மின்சாரத்தை அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறுமாறு செய்கின்றது. அத்துணை விரைவாக மாறும் மின்சாரத்துக்குச் சிறிய மின்மாற்றியே போதும். பொறியின் எடை குறைந்ததற்குக் காரணம் அதுவே. கைச்சக்கரத்துக்கு மாறாக ஒரு குமிழும், மின்னோட்டத்தை எண்ணாற் காட்டும் திரையும் அதில் உள்ளன.

எத்துணை ஆம்பியர்?

குமிழை எந்த எண்ணில் நிறுத்துவது? இதுவே தொழில் கற்போர் முதலிற் கேட்கும் வினா. மென் எஃகுக்குரிய கோல்களில், கோலின் தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 40 ஆம்பியர் என்று கணக்கிட்டுத் தொடங்குவது தொழிலாளர் வழக்கு. தடிமன் என்றது உள்ளிருக்கும் கம்பியின் விட்டத்தையே, மேற்பூச்சைச் சேர்த்தன்று. பொதுவாக, 2.5 மில்லிமீட்டர்க் கோலுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரையிலும், 3.15 மில்லிமீட்டர்க் கோலுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரையிலும், 4 மில்லிமீட்டர்க் கோலுக்கு 140 முதல் 180 ஆம்பியர் வரையிலும் தேவைப்படும். கோல் செய்வோர் தத்தம் பெட்டிகளின்மேல் இவ்வளவினை அச்சிட்டிருப்பர். அதனைப் படித்தபின்பே கோலை எடுத்தல் வேண்டும்.

ஆயினும், எண் தொடக்கமே அன்றி முடிவு அன்று. தடித்த இரும்பு வெப்பத்தை விரைந்து உறிஞ்சும். அதற்கு மேலெல்லை அளவு வேண்டும். மெல்லிய தகடு எளிதில் ஓட்டையாகிவிடும். அதற்குக் கீழெல்லை அளவு போதும். தரையில் கிடக்கும் இரும்பில் குழம்பு தங்கி நிற்கும். செங்குத்தான சுவரிலோ, தலைக்குமேல் உள்ள உத்தரத்திலோ பற்றவைக்கும்போது குழம்பு வழிந்து விழும். ஆதலால், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வர். பொறிக்கும் வேலைக்கும் இடையே நீண்ட கம்பி கிடந்தாலும், கம்பியின் இணைப்பு தளர்ந்திருந்தாலும், மின்சாரம் வழியிலேயே வெப்பமாகி வீணாகும். சிற்றூர்களில் கிணற்று மோட்டார்கள் பல ஒருங்கே ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழும். அப்போது பழைய மின்மாற்றிப் பொறியின் குறிமுள் 120 என்று காட்டினும் கோலுக்கு வந்து சேர்வது அதனிற் குறைவாகவே இருக்கும்.

ஆதலால், தேர்ந்த தொழிலாளர் உரிய வேலையில் கோலை வைக்குமுன் அதே தடிமனுள்ள உதிரி இரும்பு ஒன்றில் ஒரு விரலளவு நீளம் பற்றவைத்துப் பார்ப்பர். பாகு காய்ச்சுவோர் துளியெடுத்துப் பார்ப்பதை ஒத்தது இச்செயல். அவ்விரலளவு இணைப்பு, பொறி சொல்லாதவற்றையும் சொல்லிவிடும்.

மின்னோட்டம் குறைவாயின், கோல் இரும்போடு அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். மின்வில் விட்டுவிட்டு எரியும். இணைப்பு, இரும்பினுள் இறங்காமல் மண்புழு படுத்தாற்போல் மேலே உருண்டு நிற்கும். மின்னோட்டம் மிகுதியாயின், பொறி பெரிதும் தெறிக்கும். கோல் நடுவழியிலேயே செந்நிறமாகக் காயும். இணைப்புத் தட்டையாகப் பரந்து, அதன் இரு விளிம்புகளிலும் இரும்பு அரிக்கப்பெற்றாற்போல் குடைவு தோன்றும். பதம் சரியாயின், வாணலியில் அப்பளம் பொரிவதுபோன்ற சீரான ஓசை கேட்கும். இணைப்பின் மேல் அலைவரிகள் ஒரே அளவில் அமையும். ஆறியபின் மெல்லத் தட்டினாலே கசடு பெயர்ந்து வரும். கண்ணும் காதும் சேர்ந்து அறியும் அறிவு இது.

பொறியின் அளவோடு கையின் அளவும் பொருந்துதல் வேண்டும். கோலின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே உள்ள தொலைவு கோலின் கம்பி விட்டத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருத்தல் நலம். தொலைவு மிகுந்தால் காற்று புகுந்து இணைப்பில் நுண்துளைகள் உண்டாகும். கோலைச் செல்லும் திசையில் சற்றே சாய்த்து, 70 முதல் 80 டிகிரிக் கோணத்தில் பிடித்தல் வேண்டும். விரைந்து நகர்த்தினால் இணைப்பு மெலியும்; தயங்கி நகர்த்தினால் குழம்பு குவிந்து கசடு உள்ளே சிக்கும்.

நேர்திசை மின்னோட்டம் தரும் பொறிகளில் இன்னும் ஒன்றைக் கருதவேண்டும். கோலை நேர்முனையோடு இணைத்தால் இரும்பு ஆழமாக உருகும். எதிர்முனையோடு இணைத்தால் ஆழம் குறைந்து கோல் விரைவாக உருகும். தடித்த சட்டத்துக்கு முன்னதும், மெல்லிய தகட்டுக்குப் பின்னதும் உதவுவனவாம். எனினும், எக்கோலுக்கு எம்முனை என்பதையும் கோல்பெட்டியின் குறிப்பே உறுதி செய்தல் வேண்டும். இடைவிடாது வேலை செய்யும் ஆற்றலும் எல்லாப் பொறிகளுக்கும் இல்லை. ஒரு பொறியின்மேல் 150 ஆம்பியருக்கு நேரே 60 விழுக்காடு என்று எழுதியிருந்தால், அந்த அளவில் பத்து நிமிடங்களுள் ஆறு நிமிடம் பற்றவைத்து, நான்கு நிமிடம் பொறியை ஆறவிடவேண்டும் என்பது பொருள்.

ஒரு கலப்பையின் கதை

மழை பெய்து பதம் கூடிய நாள் ஒன்றில், உழுவண்டியில் பூட்டிய ஒன்பது கொழுக் கலப்பையின் சட்டம் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வானம் மீண்டும் கருக்கின்றது. அடுத்த மழைக்குள் விதைத்தாகவேண்டும். உழவர் கலப்பையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, விரைந்து முடித்துத் தருமாறு வேண்டுகின்றார். இங்கேதான் தொழிலாளரின் அறிவும் நேர்மையும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

முறிந்த வாயின்மேல் கோலை ஓட்டிப் பூசிவிடுதல் ஐந்து நிமிட வேலை. பார்ப்பதற்கு இணைப்பு நன்றாகவே தோன்றும். ஆனால், முறிவினுள் கரிசல் மண் ஒட்டியிருக்கும். துருவும் எண்ணெயும் இருக்கும். ஈரமண்ணிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எழும் நீரியம் உருகிய இரும்பிற் புகுந்து துளைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கும். ஆகவே, முதலில் முறிந்த இடத்தைக் கழுவி உலர்த்தி, பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கவேண்டும். சட்டம் 10 மில்லிமீட்டர் தடிமன் உடையதாயின், இரு விளிம்புகளையும் சரிவாகச் சீவி வாய்க்கால் போன்ற பள்ளம் அமைத்து, அடியில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுதல் வேண்டும். அவ்வாறு விடாவிடின், மின்வில்லின் வெப்பம் அடிவரை இறங்காது.

முதல் அடுக்கை 3.15 மில்லிமீட்டர்க் கோலால் ஏறத்தாழ 100 ஆம்பியரில் இடலாம். அடிப்பகுதி முழுதும் உருகி இணைந்ததா என்று பார்த்தபின், கசடை முற்றும் தட்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அடுத்த அடுக்கை இன்னும் சற்று மிகுந்த மின்னோட்டத்தில் இடவேண்டும். ஓர் அடுக்கின் கசடு அடுத்த அடுக்கின் அடியில் தங்கினால், அது சுவரினுள் மண்கட்டி வைத்துப் பூசியதற்கு ஒப்பாகும்.

சட்டம் மென் எஃகால் ஆனது. அதில் பூட்டிய கொழுவோ கரிச்சத்து மிகுந்த வலிய எஃகால் ஆனது. கொழு முறிந்தால் இதே முறை பொருந்தாது. அவ்வெஃகு திடீரெனக் குளிர்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே, பற்றவைக்குமுன் அதனை 150 முதல் 250 டிகிரி வரை சூடேற்றி, நீரியம் குறைந்த கோலைப் பயன்படுத்தி, முடிந்தபின் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுதல் வேண்டும். விரைவு கருதி அதன்மேல் நீர் ஊற்றுதல் பெரும் பிழை. நீரியம் குறைந்த கோல்கள் மழைக்காலத்தில் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். அவற்றைச் செய்தோர் குறித்த அளவில், பெரும்பாலும் 300 டிகிரிக்குமேல், அடுப்பில் வைத்து உலர்த்திய பின்பே பயன்படுத்தவேண்டும்.

இணைப்பு ஆறும்போது ஏன் வெடிக்கின்றது என்பதைக் கரிசல் நிலத்தார்க்கு விளக்குதல் எளிது. மழையில் உப்பிய மண், வெயிலிற் காயும்போது சுருங்குகின்றது. சுருங்க இடமில்லாதபோது பாளமாக வெடிக்கின்றது. மண்ணைச் சுருங்கச் செய்வது நீரின் இழப்பு. இரும்பைச் சுருங்கச் செய்வது வெப்பத்தின் இழப்பு. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. உருகிய இரும்பு இறுகும்போது இருபுறத்தையும் தன்பால் இழுக்கின்றது. இழுப்புக்கு இணங்கினால் தகடு கோணும். இணங்காவிடின் இணைப்பு வெடிக்கும். கதவு போன்ற மெல்லிய வேலைகளில், முதலில் ஆங்காங்கே சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து நிலைநிறுத்திக்கொண்டு, பின்னர் ஒரே பக்கமாக ஓட்டாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி இணைப்பது இதனால்தான்.

இவ்வளவும் செய்ய அரைநாள் ஆகலாம். ஆனால், பூசி அனுப்பிய கலப்பை வயலின் நடுவே மீண்டும் முறிந்தால், இழப்பது அரைநாள் அன்று; பதம் போய்விடும். கரிசலில் பதம் போனால் ஒரு பருவத்து விதைப்பே போனதாகும். ஆட்களை ஏற்றிச் செல்லும் இழுவண்டியின் கொக்கி அவ்வாறு முறியுமாயின் இழப்பு இன்னும் கொடியது.

நாட்டின் பெருவேலைகள்

சிறு பட்டறைக்குரிய இவ்விதிகளே பெருந்தொழிற்சாலைகளுக்கும் உரியவை. 1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லந்துத் துறையில் ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. குறையுடைய பற்றவைப்பும், குளிரில் நொறுங்கும் இயல்புடைய எஃகும் சேர்ந்து விளைத்த கேடு அது. பற்றவைத்த கப்பலில் ஓரிடத்தில் தோன்றிய வெடிப்பு, தடுப்பார் இன்றி மறுபுறம் வரை ஓடிவிடும் என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

அப்பாடத்தைக் கற்றபின் எழுந்த தொழிற்சாலைகளுள் சென்னைப் பெரம்பூரில் உள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலையும் ஒன்று. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அதனை நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் துணையோடு அங்குச் செய்த பெட்டிகளில் அடிச்சட்டமும் சுவரும் கூரையும் பற்றவைத்து ஒரே கூடாக ஆக்கப்பெற்றன. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் செய்யும் கொதிகலன்களில் எண்ணற்ற குழாய் இணைப்புகள் உள்ளன. உயர் அழுத்த நீராவியைத் தாங்கவேண்டிய அவ்விணைப்புகளைச் செய்வோர் தேர்வு பெற்றிருத்தல் வேண்டும். அவர்கள் செய்த இணைப்புகளின் உள்ளே துளையோ வெடிப்போ உண்டா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பர். அங்கேயே 1975ஆம் ஆண்டில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. பாம்பனில் 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் இணைப்புகளும் பற்றவைப்பினால் ஆனவையே. உப்புக்காற்று வீசும் அக்கடலில், 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி கப்பல்களுக்கு வழிவிடச் செங்குத்தாக உயர்கின்றது. தறையாணி அடித்த பழைய பாலத்துக்கு மாற்றாக எழுந்த அது, ஒரு நூற்றாண்டில் இத்தொழில் அடைந்த வளர்ச்சிக்குச் சான்றாகும்.

காவலும் கடமையும்

மின்வில்லின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்களும் உள்ளன. வெறுங்கண்ணால் அதனை நோக்கியவர்க்கு உடனே துன்பம் தெரியாது. சில மணி நேரம் கழிந்தபின், பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளியிட்டாற்போல் உறுத்தலும் நீர்வடிதலும் தோன்றும். ஆகவே, உரிய கருங்கண்ணாடி பதித்த முகக்காப்பு இன்றிக் கோலை எடுத்தல் ஆகாது. பட்டறை வாயிலில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நனைந்த கையோடும் ஈரத்தரையில் வெறுங்காலோடும் நின்று வேலை செய்தலும் தீது. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். அப்பூச்சை இணைப்பிடத்திலிருந்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்தல் வேண்டும். எண்ணெய் இருந்த பீப்பாயை, காலியாயிற்று என்று கருதிப் பற்றவைத்தலோ உயிரையே பறிக்கும். உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும்.

கோவில்பட்டி வட்டாரத்தில் இவ்வெச்சரிக்கைக்குத் தனிப்பொருள் உண்டு. அங்கே தீப்பெட்டித் தொழில் பலருக்கு வாழ்வளிக்கின்றது. தீக்குச்சியின் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டு ஒரு சிறு பொறிக்கே காத்திருப்பது. பெட்டியின் பக்கத்தில் பூசுவது செம்பாசுவரம். மின்வில்லிலிருந்து தெறிக்கும் பொறியோ பத்து மீட்டர் தொலைவுக்கும் செல்ல வல்லது. ஆகவே, அத்தகைய ஆலைகளில் ஒரு கதவையோ பொறியின் காலையோ பற்றவைக்க நேர்ந்தால், அப்பொருளைக் கழற்றி வெளியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசென்று செய்தலே முறை. கழற்ற இயலாதெனில், பொறுப்புள்ளவரின் எழுத்துமூல இசைவு பெற்று, மருந்தையும் குச்சியையும் தாளையும் அகற்றி, படிந்த தூளையும் துடைத்து, நீரும் மணலும் அருகே வைத்துக்கொண்டு, ஒருவரைக் காவல் நிறுத்திய பின்பே வேலையைத் தொடங்கவேண்டும். வேலை முடிந்தபின்னும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அக்காவல் நீடித்தல் வேண்டும். மறைவில் கனலும் பொறி பின்னரும் பற்றக்கூடும். பலர் கூடி உழைக்கும் கூடத்தில் ஒருவர் காட்டும் சோம்பல் அத்தனை பேர் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

நல்ல இணைப்பும் தீய இணைப்பும், மேலே வண்ணம் பூசியபின், பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும். கொதிகலனின் இணைப்பைக் கதிர்ப்படம் காட்டும். கலப்பையின் இணைப்பைக் கதிர்ப்படம் எடுப்பார் இல்லை. அதன் உட்புறத்தை அறிந்தவர், அதனைச் செய்த தொழிலாளர் ஒருவரே. குமிழைத் திருப்பிச் சரியான அளவில் நிறுத்துவது அறிவு. எவரும் காணாத அடியடுக்கையும் செவ்வையாக இடுவது நேர்மை. இவ்விரண்டும் கூடிய கையால் இணைத்த கலப்பையே கரிசலில் ஆழ இறங்கி, பதம் தப்புமுன் உழவை முடித்துத் தரும்.

வினாக்கள்

1. ‘பதம்’ என்னும் சொல் உழவு, கடலைமிட்டாய், பற்றவைப்பு ஆகிய மூன்றிலும் எவ்வாறு பொருந்துகின்றது?
2. மின்கோலின் மேற்பூச்சினால் விளையும் நன்மைகள் யாவை?
3. மின்னோட்டம் குறைந்தாலும் மிகுந்தாலும் தோன்றும் அடையாளங்களை எழுதுக.
4. கலப்பையின் சட்டத்தைப் பற்றவைப்பதற்கும் கொழுவைப் பற்றவைப்பதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
5. தீப்பெட்டி ஆலையில் பற்றவைக்க நேர்ந்தால் மேற்கொள்ளவேண்டிய காவல்முறைகளை விளக்குக.